ஹெபடைடிஸ் ஏ தொற்றில் ஹீமோகுளோபின் குறைவது பற்றி விளக்கம் தேவை

குழுவில் உள்ள மருத்துவர்களுக்கும் ஆய்வகப் பணியாளர்களுக்கும் வணக்கம். விடுதியில் தங்கிப் படிக்கும் என் தம்பி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் தொற்று ஐஜிஎம் (அண்மைத் தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள்) பரிசோதனையில் உறுதியானதால், மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வருகிறான். 2,000-ஐத் தாண்டியிருந்த ஏஎல்டி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி) வேகமாக இறங்கிவிட்டது. ஆனால் மஞ்சள் காமாலைக்குக் காரணமான நிறமியான பிலிருபின் 9-லிருந்து 24-ஆக ஏறியுள்ளது, ஹீமோகுளோபின் 14-லிருந்து 9-ஆகக் குறைந்துள்ளது, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினினும் 1.8-ஐத் தொட்டுவிட்டது.

கல்லீரல் செயலிழக்கும்போதும் ஏஎல்டி இறங்கி பிலிருபின் ஏறக்கூடும் என்பதால் அஞ்சினோம். இரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐஎன்ஆர் 1.2-லேயே நிற்பதும், அவன் தெளிவாகப் பேசுவதும் மட்டுமே ஆறுதல். சிவப்பணுக்களைச் சிதையாமல் காக்கும் ஜி6பிடி நொதியில் குறைபாடு உள்ளவர்களுக்கு இத்தொற்றின்போது சிவப்பணுக்கள் பெருமளவில் சிதைந்து, அதனால் பிலிருபின் மிக உயர்ந்து, சிறுநீரகமும் பாதிக்கப்படலாம் என்று படித்தேன். அவனுடைய சிறுநீர் கட்டன் காபி நிறத்தில் போவது அந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது.

சிவப்பணுச் சிதைவைக் காட்டும் எல்டிஎச் நொதி, ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கை, மறைமுக பிலிருபின் (கல்லீரல் இன்னும் மாற்றாத பிலிருபின்) ஆகியவை தவிர வேறு எந்தப் பரிசோதனையைப் பற்றி எங்கள் மருத்துவரிடம் கேட்கலாம்? இந்நொதி குறைந்த முதிர்ந்த சிவப்பணுக்கள் அழிந்த நிலையில் ஜி6பிடி அளவு இயல்பானதாகப் பொய்த்தோற்றம் தரலாம் என்பதால், அச்சோதனையை எப்போது மீண்டும் செய்வது சரி? கீழாநெல்லி பற்றிய யோசனைகளை அன்புகூர்ந்து தவிர்க்கவும். தண்ணீரையே அளந்துதான் தருகிறார்கள்.