மறு: டெமாலிஷன் டெர்பிக்குத் தமிழில் என்ன சொல்வது?

வணக்கம்.

> 'தகர்ப்புப் பந்தயம்' என்றே வைத்துவிடலாமே, சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

சொல்லுக்குச் சொல் சரிதான் ஐயா, பழைய கார்களை இடிக்க விடுகிற இந்த ஆட்டத்துக்குத்தான் பொருந்தவில்லை. பந்தயம் என்றால் நமக்கு ஓட்டமோ பணயமோதான் நினைவுக்கு வரும். இங்கே எல்லைக்கோடும் இல்லை, சுற்றுக் கணக்கும் இல்லை. நான்கு பக்கமும் கான்கிரீட் தடுப்போ மரக்கட்டையோ போட்ட சின்ன மைதானம், யாரும் வேகம் எடுத்துவிடக் கூடாது என்று தண்ணீர் விட்டுச் சேறாக்கி வைத்திருப்பார்கள், அதற்குள் பழைய கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே இருக்கும், கடைசிவரை எது நகர்கிறதோ அதுவே வென்றது. டெர்பி என்பது 1780இல் எப்சமில் தொடங்கிய குதிரைப் பந்தயத்தின் பெயர். அதை ஆங்கிலத்தில் இழுத்து எங்கெங்கோ ஒட்டிவிட்டார்கள் என்பதற்காக நாமும் பந்தயத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

'தகர்ப்பு' அதைவிடச் சிக்கல். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் தகர்வதுதான் தெரியும். ஆனால் இந்த ஆட்டத்துக்காகக் கார் கட்டுகிறவனின் வேலை முழுக்கத் தகராமல் வைத்துக்கொள்வதுதான். அமெரிக்காவில் மாவட்டக் கண்காட்சிகளுக்குப் பக்கத்தில் வாழ்கிற நம் உறுப்பினர்கள் பார்த்திருப்பார்கள், ஆட்டம் முடிவது ஒரு மாலையில், கட்டுவது வாரக்கணக்கில். அதிலும் சின்னக் கார் வகுப்பைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

பழைய பெரிய கார்கள் தனி அடிச்சட்டத்தின் மேல் உடலை ஏற்றியவை. 1964 முதல் 66 வரை வந்த கிரைஸ்லர் இம்பீரியல் எதற்கும் அசையாது, அதனாலேயே பல ஊர்களில் அதற்குத் தடை. அந்த வகைக் கார்கள் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது, ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவே 2011இல் நின்றுபோயிற்று. அதனால் இப்போது செவ்ரோலே கேவலியர், டாட்ஜ் நியான், ஹோண்டா சிவிக் மாதிரி நான்கு சிலிண்டர், முன்சக்கர இழுவைக் கார்களுக்கு நல்ல கிராக்கி. இவற்றுக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது, மடித்து ஒட்டிய தகடுதான் எலும்பும் தோலும். இடி வாங்கினால் கசங்கும். கசங்குவதைத் தடுக்க முடியாது, எந்தப் பக்கம் கசங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம், அவ்வளவுதான்.

முதலில் உரிப்பு. கண்ணாடி அத்தனையும் போக வேண்டும், உடைத்து விடுவதில்லை, கழற்றி எடுப்பார்கள், அப்படியும் கதவுக்குள் விழுந்த சில்லுகளை வாக்குவம் வைத்து உறிஞ்ச வேண்டியிருக்கும். விளக்கு, பிளாஸ்டிக் பம்பர் உறை, தரைவிரிப்பு, காற்றுப்பை எல்லாம் வெளியே. பெட்ரோல் டேங்கைக் கழற்றிவிட்டுப் படகில் வைக்கிற மாதிரி ஒரு சின்ன டேங்கைப் பின் இருக்கை இருந்த இடத்தில் போல்ட் போட்டு இறுக்குவார்கள். பேட்டரி ஓட்டுநருக்குப் பக்கத்துத் தரைக்கு வந்துவிடும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் மட்டும், ஏனென்றால் அது உடையத்தான் போகிறது, கூலன்ட் மைதானத்தில் கொட்டக் கூடாது. கதவுகளுக்குச் சங்கிலி அல்லது வெல்டிங். பானெட்டில் ஒரு பெரிய ஓட்டை, தீப்பிடித்தால் அதன் வழியாக அணைக்க.

அப்புறம்தான் உண்மையான வேலை, டிக்கிப் பக்கம். முன்சக்கர இழுவை என்பதால் இன்ஜின், கியர், ரேடியேட்டர், ஸ்டீயரிங் எல்லாமே முன்னால் குவிந்து கிடக்கின்றன. பின்சக்கரத்துக்கு உருளுவதைத் தவிர வேலையே இல்லை, அது வளைந்து தரையில் இழுபட்டாலும் முன்சக்கரம் காரைக் கொண்டுபோய்விடும். ஆகவே ரிவர்ஸில் போய் டிக்கியால்தான் இடிப்பார்கள். அப்படி இடிக்க இடிக்க டிக்கி உள்ளே வந்து சக்கரத்தில் சிக்கிக்கொள்ளாமல் மேல்நோக்கிச் சுருண்டு போவதற்காக, உடலோடு சேர்ந்தே இருக்கிற பின்சட்டத்தில் அரிவாள்மூக்கு மாதிரி ஒரு வெட்டு வெட்டி, அந்த இடத்தில் முன்னமே கொஞ்சம் மடக்கி விடுவார்கள் (எவ்வளவு வெட்டலாம் என்பதற்கு ஊருக்கு ஊர் விதி வேறு). ஒரு டிங்கர் பட்டறைக்காரரைக் கூட்டி வந்து காட்டினால் தலையில் அடித்துக்கொள்வார்.

இவ்வளவு யோசித்துக் கட்டியதைத் 'தகர்ப்பு' என்று ஒரே சொல்லில் முடித்தால் கட்டினவனுக்குக் கோபம் வரும்.

என் பரிந்துரை முட்டு. ஆட்டுக்கிடாய்களை மோத விடுவதை ஊரில் கிடாமுட்டு என்கிறோம். அந்த அச்சிலேயே வண்டிமுட்டு. இந்தச் சொல்லுக்குள் குடும்பமே இருக்கிறது: பின்முட்டு, பக்கமுட்டு, நேர்முட்டு. எண்ணவும் வரும். ஓரிரு நிமிடங்களுக்குள் யாரையாவது இடிக்காவிட்டால் வெளியேற்றிவிடுவார்கள் என்ற விதியை 'நிமிடத்துக்கு ஒரு முட்டு' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் உட்கார்கிறது. 'மோதல்' கூடாதா என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். 'கார்கள் மோதல்' என்று எழுதினால் விபத்துச் செய்தி ஆகிவிடும்.

பின்சட்டத்தில் வெட்டி மடக்குவதற்கு 'முன்மடிப்பு' என்று இங்கே யாரோ போட்டிருந்தீர்கள். முன்கூட்டியே மடிப்பது என்ற பொருளில்தான், ஆனால் மடிப்பு இருப்பது காரின் பின்னால். 'பின்பக்க முன்மடிப்பு' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 'மடிவெட்டு' போதும்.

அன்புடன்

———

அண்ணா, வண்டிமுட்டு பிடித்திருக்கிறது, இரண்டு சந்தேகம் மட்டும். ஏன் 'கார்முட்டு' இல்லை? காரைத் தவிர வேறெதுவும் அந்த மைதானத்தில் கிடையாதே. இன்னொன்று, முட்டு என்றால் தாங்குகட்டை என்றும் பொருள் உண்டு, இணையத்தில் 'முட்டுக் கொடுக்கிறான்' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். குழம்பாதா?

———

தம்பி, கார்முட்டு என்று எழுதினால் கார்மேகம், கார்காலம் படித்த கண்ணுக்கு மேகங்கள் முட்டுவதாகத் தோன்றும், அழகாகத்தான் இருக்கும், ஆனால் நமக்கு அது வேண்டாம். அதோடு காரைத் தவிர வேறு கிடையாது என்பதும் சரியில்லை. கதிர் அறுக்கும் இயந்திரங்களை வைத்தும், புல்வெட்டும் சின்ன டிராக்டர்களை வைத்தும் இதே ஆட்டத்தை ஆடுகிறார்கள். வண்டி என்றால் எல்லாம் அடங்கும்.

முட்டுக் கொடுப்பதில் குழப்பம் வராது, ஏனென்றால் கொடுத்தால்தான் அது தாங்கல், வெறும் முட்டு இடிதான். ஓட்டுநர் கதவுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வெல்டிங் செய்கிறார்களே, அதற்கு 'முட்டுக்குழாய்' என்று வைத்தால் தாங்குகட்டைப் பொருளுக்கும் வேலை கிடைத்துவிடும். அந்தக் கதவை மட்டும் யாரும் இடிக்கக் கூடாது, பல இடங்களில் வெள்ளை அடித்துத் தனியாகக் காட்டுவார்கள். ஆக நம் சொற்பட்டியலில் 'முட்டாக் கதவு' என்று ஒன்றும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன், வேண்டாதவர்கள் சொல்லுங்கள்.

சின்னக் கார் வகுப்புக்கு 'கச்சிதக் கார்' ஏற்கெனவே செய்திகளில் புழங்குகிறது, அதை மாற்ற வேண்டாம். தனி அடிச்சட்டம் இல்லாத உடலுக்கு 'ஓருடல் கட்டு' என்று போட்டு வைத்திருக்கிறேன், மருத்துவர்கள் யாராவது ஆட்சேபித்தால் பார்த்துக்கொள்ளலாம்.

மிச்சம் ஒன்றுதான். காரில் கூரையைத் தாங்குகிற, ஓட்டுநர் பக்கத்துக் கம்பத்தில் ஒரு குச்சி கட்டியிருக்கும், இனி முடியாது என்றால் அதை ஒடித்துப் போட்டுவிடுவார், குச்சி ஒடிந்த காரை அதற்குமேல் யாரும் இடிக்கக் கூடாது. சரணடைதல் என்று எழுதினால் போர்க்களம் ஆகிவிடுகிறது. 'குச்சி ஒடித்தல்' என்றே வைத்துவிடலாமா, இதைவிட நல்லதாக யாரிடமாவது இருக்கிறதா?