புதுப்பிப்பு: மனாஸ்லுவுக்குத் துணை கிடைத்தது, போய்வந்தாச்சு

2023 ஆகஸ்டில் இங்கே கேட்டிருந்தேன்: நேபாளத்தின் மனாஸ்லு மலையைச் சுற்றி நடைபயணம் போகவேண்டும், அது கட்டுப்பாட்டுப் பகுதி, குறைந்தது இரண்டு பேரும் ஒரு வழிகாட்டியும் இருந்தால்தான் அனுமதி (அப்போதைய விதி அது), அக்டோபரில் யாராவது வருகிறீர்களா என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஒத்துக்கொண்டவர் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது விலகிவிட்டார். வராத ஒருவர் பெயரைக் காகிதத்தில் மட்டும் சேர்த்து அனுமதி வாங்கித் தருகிறோம் என்றார் ஒரு பயண ஏற்பாட்டாளர். மாட்டேன் என்றேன். மலையில் ஏதாவது ஆனால் காகிதத்துப் பெயரா வந்து தூக்கும்?

அப்புறம்தான் கோவையிலிருந்து ஓர் அக்கா எழுதினார். நேபாளத்திலேயே அன்னபூர்ணா மலையின் அடிவார முகாம் வரை போனவர். தேதியைவிட, ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பீர்கள், உயரத்தில் தலைவலி வந்தால் மறைக்காமல் சொல்வீர்களா என்றுதான் முதலில் கேட்டார். துணை தேடுகிறவர்கள் கேட்கவேண்டியது அதைத்தான்.

வழியில் சாமகாவுன் என்ற கிராமத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினோம். உடம்பு உயரத்துக்குப் பழக அது அவசியம். லார்க்யா கணவாய்க்கு முந்தைய தங்குமிடமான தரம்சாலாவில் எனக்குத் தலை பிளந்தது. மறைக்காமல் சொன்னேன். அக்கா பூண்டு சூப் வாங்கிவந்து, மணிக்கொரு தரம் எழுப்பி, நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கப் பெயரென்ன, ஊரென்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விடியுமுன் வலி விட்டது. வழிகாட்டி பார்த்துச் சரி என்ற பிறகே கிளம்பினோம். 5,100 மீட்டருக்கு மேலே லார்க்யா கணவாயில் பாட்டில் தண்ணீர் மூடியோடு உறைந்திருந்தது. அக்கா ஸ்வெட்டருக்குள் வைத்திருந்த பாட்டிலில்தான் இருவரும் குடித்தோம்.