தாத்தா வீட்டு குரூப்: புது பாண்ட் வந்தாச்சாமே?

10 ஜூலை 2025, வியாழன்

சுதா சித்தி: (பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது) 🔥🔥 புது ஜேம்ஸ் பாண்ட் முடிவாயிடுச்சு!! உலகமே அதிர்ச்சி!! போட்டோ உள்ளே 🔥🔥

சுதா சித்தி: யாருப்பா இது, மீசை கூட முளைக்கல

கார்த்தி: சித்தி அது ஏஐ போட்டோ. கையைப் பாருங்க, ஆறு விரல்

திவ்யா: 😂😂

ரமேஷ் சித்தப்பா: யாரா இருந்தா என்ன, நான் பாக்கறதா இல்ல. எனக்கு பிராஸ்னனோட பாண்ட் முடிஞ்சு போச்சு

அத்தை: அதெல்லாம் இருக்கட்டும், ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்ல ஸ்க்ரீன் கட்டி பாண்ட் படம் போடறதா பேசினோமே, எந்தப் படம்? ஒருத்தரும் பதில் சொல்லல

பெரியப்பா: ரமேஷு, இதையேதான் நீ 2005லயும் சொன்ன. டேனியல் கிரெய்க்க புது பாண்டா அறிவிச்ச அன்னைக்கு, அக்டோபர் 14, தேம்ஸ் நதியில கடற்படை போட்டுல வேகமா கூட்டிட்டு வந்து பத்திரிகைக்காரங்க முன்னாடி இறக்கினாங்க, கோட் சூட் மேல லைஃப் ஜாக்கெட் மாட்டியிருந்தாரு, அதுக்கே சிரிச்சாங்க, பாண்டுக்கு எதுக்குடா லைஃப் ஜாக்கெட்டுன்னு. முடி செம்பட்டை, உயரம் பத்தல, மூஞ்சி முரடு, கியர் வண்டி ஓட்டத் தெரியாதாம், என்னென்ன எழுதல. படத்தைப் புறக்கணிங்கன்னு தனியா வெப்சைட்டே ஆரம்பிச்சாங்க, அறிவிச்ச அன்னைக்கு ஒரு ஷாட் கூட எடுத்திருக்கல! அடுத்த வருஷம் கேசினோ ராயல் வந்ததும் அவங்களே தூக்கி வச்சுக் கொண்டாடினாங்க, பிரிட்டிஷ் சினிமா விருது பாஃப்டாவுல சிறந்த நடிகர் நாமினேஷன் வரைக்கும் போச்சு. பாக்காமலே தீர்ப்பு சொல்றது எனக்கு ஆகவே ஆகாது

ரமேஷ் சித்தப்பா: பாத்துட்டுத்தான் சொல்றேண்ணா. பிராஸ்னன் நடக்கிற நடை வராது

கார்த்தி: சித்தப்பா, பிராஸ்னனோட கோல்டன்ஐ எப்ப பாத்தீங்க

ரமேஷ் சித்தப்பா: காலேஜ் முதல் வருஷம்

கார்த்தி: அதான்

அத்தை: எனக்கு ரோஜர் மூர்தான். ஆக்டோபஸியில நம்ம விஜய் அமிர்தராஜ் உதய்ப்பூர்ல மகுடி ஊதுவாரே, பாண்ட் ட்யூனையே!! தியேட்டரே எழுந்து நின்னு விசில் அடிச்சது

அத்தை: அம்மா பக்கத்துல இருக்காங்க. ஜெய்சங்கரைத் தவிர வேற யாரும் பாண்ட் இல்லன்னு எழுதச் சொல்றாங்க

சுதா சித்தி: மாமியார் சொன்னா சரி 🙏

அத்தை: அப்பா வச்சிருந்த கேசட் பெட்டியில ஆக்டோபஸி இருந்துச்சே, இப்ப யார்கிட்ட இருக்கு

பெரியப்பா: ரமேஷ் வீட்ல. வீடு காலி பண்ணப்ப எடுத்துட்டுப் போனான்

ரமேஷ் சித்தப்பா: எடுத்துட்டுப் போகல. அப்பா குடுத்தார்

பெரியப்பா: சரி

சுதா சித்தி: அந்தப் பேச்சு இப்ப எதுக்கு

திவ்யா: கேசட் போட பிளேயரே யார்கிட்டயும் இல்லயே

கார்த்தி: டால்டனைப் பத்தி யாருமே பேசல பாவம். 87ல ஒண்ணு, 89ல ஒண்ணு, ரெண்டே படம். சிரிக்கவே மாட்டேங்கறாருன்னு குறை சொன்னாங்க. மூர் பன்னண்டு வருஷம் ஜோக் அடிச்சே பழக்கிட்டாரு, அதனால வந்த வினை. அதே இறுக்கத்தை கிரெய்க் காட்டினப்ப ஆஹா ஓஹோ

ரமேஷ் சித்தப்பா: டால்டனே வந்திருக்க வேண்டியது இல்லடா. 86லயே பிராஸ்னனைத்தான் பிடிச்சு வச்சிருந்தாங்க, டிவி சீரியல் ஒப்பந்தம் விடல

பெரியப்பா: அது உண்மை

அத்தை: ஒரே படம் நடிச்சாரே ஒருத்தர், அவரை ஜனங்க விரட்டி விட்டாங்கதானே?

பெரியப்பா: லேசன்பி. யாரும் விரட்டலம்மா. ஆஸ்திரேலியாக்காரர், மாடலா இருந்தவர், 1969. பாண்ட் எல்லாம் இனிமே எடுபடாதுன்னு கூட இருந்தவர் சொன்னதைக் கேட்டு, படம் ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடியே இனி நடிக்கமாட்டேன்னுட்டார். அப்புறம் முதல் பாண்ட் ஷான் கானரி கால்ல விழாத குறையா 12.5 லட்சம் டாலர் குடுத்துத் திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. ஆனா அந்தக் கடைசி சீன் பாருங்க, கல்யாணம் ஆகி கொஞ்ச நேரம்தான், காருக்குள்ள பொண்டாட்டி இவரு மடியில செத்துக் கிடக்கறா, போலீஸ்காரர் வந்து நிக்கறாரு, இவரு அவ ஓய்வெடுத்துட்டு இருக்கற மாதிரியே பேசறாரு, அழுகையும் இல்ல வசனமும் பெரிசா இல்ல. கானரியே அதை அப்படிப் பண்ணியிருக்க மாட்டாருன்னு நான் நினைக்கிறேன். அன்னைக்கு மட்டம் தட்டின படத்தை இன்னைக்கு எத்தனையோ பேர் ஒசத்தியா சொல்றாங்க

சுதா சித்தி: ஐயோ பொண்டாட்டி செத்துடுவாளா 😢 அது வேண்டாம் ஞாயித்துக்கிழமைக்கு

திவ்யா: எனக்கு இட்ரிஸ் எல்பாங்கற கருப்பின நடிகரை பாண்டா போடலாம்னு பேச்சு வந்தப்பதான் கோவம் வந்துச்சு. அவர் எப்படி நடிப்பாருன்னு ஒருத்தரும் பேசல, தோல் நிறத்தைப் பத்தியே பேச்சு. அவரே வெறுத்துப் போயிட்டாரு

ரமேஷ் சித்தப்பா: கதையில வெள்ளைக்காரன்னுதான் இருக்கு

திவ்யா: கதையில கருப்பு முடின்னும்தான் இருக்கு சித்தப்பா. மூருக்கு என்ன கருப்பு முடியா? அவரை மட்டும் விட்டுட்டீங்க

பெரியப்பா: நல்லா கேட்டா. எழுதின ஃப்ளெமிங்குக்கே முதல்ல கானரியைப் பிடிக்கல, படம் பாத்துட்டு மனசு மாறி, அப்புறம் எழுதின கதையில பாண்டோட அப்பாவை கானரி மாதிரியே ஸ்காட்லாந்துக்காரர் ஆக்கிட்டாரு

ரமேஷ் சித்தப்பா: 👍

சுதா சித்தி: அப்ப இப்ப யாருதான் பாண்ட்?

கார்த்தி: யாரும் இல்ல சித்தி. டைரக்டர் மட்டும் போன மாசம் சொன்னாங்க, டெனி வில்னூவ். நடிகரை இன்னும் அறிவிக்கல

பெரியப்பா: ஆள் மாறறது எனக்குக் கவலையே இல்ல. 1962லேருந்து பாண்ட் யாருன்னு முடிவு பண்ணது தயாரிப்பாளர் ப்ராக்கோலி வீடு, அப்பாவுக்கு அப்புறம் பொண்ணு. ஊரே கத்தினப்ப கிரெய்க்தான்னு அசையாம நின்னது அந்தப் பொண்ணு பார்பரா. இந்த பிப்ரவரியில அந்தப் பொறுப்பு அமேசான் கைக்குப் போயிடுச்சு. எல்லாரும் மூஞ்சியப் பத்தி சண்டை போடறாங்க, அடுத்தவனுக்கும் இதே கூச்சல் வரும், அப்ப அவன் பக்கம் நிக்கறது யாரு? அதைத்தான் ஒருத்தரும் கேக்கல

ரமேஷ் சித்தப்பா: இது சரிதாண்ணா. கம்பெனிக்காரன் கமென்ட் பாத்தே ஆளை மாத்திடுவான்

அத்தை: அதிசயம், ரெண்டு பேரும் ஒத்துப் போயிட்டீங்க

பெரியப்பா: ரமேஷு, வரும்போது அந்தப் பெட்டியைக் கொண்டு வா. பாத்துட்டுக் குடுத்துடறேன்

ரமேஷ் சித்தப்பா: பாக்கறேண்ணா

அத்தை: நாலு மணிக்கு எல்லாரும் வந்துடுங்க. படம் அங்க வந்து பேசிக்கலாம்

கார்த்தி: போல் போட்டிருக்கேன், ஓட்டுப் போடுங்க

ரமேஷ் சித்தப்பா: அதுல கோல்டன்ஐ எங்கடா?