புதுப்பிப்பு: கில்ட் கட்டிக்கொண்டு வெஸ்ட் ஹைலேண்ட் வே நடந்து முடித்துவிட்டேன்

ஸ்காட்லாந்தின் வெஸ்ட் ஹைலேண்ட் வே என்ற நீண்ட நடைபாதை 154 கி.மீ.யும் கில்ட்டோடு (அந்த ஊர் ஆண்கள் கட்டும், முழங்கால் வரை வரும் கொசுவம் வைத்த பாவாடை) நடந்தால் தொடை உரசிப் புண்ணாகுமா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்த யோசனை இதுதான்: கனமான கம்பளிக் கில்ட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு லேசான பாலியஸ்டர் கலந்தது, உள்ளே ஓட்டக்காரர்கள் போடும் உடம்போடு ஒட்டின அரைக்கால் சட்டை. உரசலே இல்லை. லோமண்ட் ஏரிக்கரையில் நாள் முழுக்க மழை, கூட வந்தவர்களின் பேன்ட் சொதசொதவென்று காலில் ஒட்ட, என் கால் மழை விட்டதும் காய்ந்துவிட்டது.

எதிர்பாராதது காற்று. கானிக் குன்றின் மேல் பின்பக்கக் கொசுவம் மொத்தமும் முதுகுக்கு ஏறிவிட்டது, அந்த அரைக்கால் சட்டைதான் மானத்தைக் காத்தது! அப்புறம் உண்ணி. முழங்காலுக்குப் பின்னால் இரண்டு. ராத்திரி படுக்குமுன் பார்த்து இடுக்கியால் எடுத்துவிடுங்கள். கூடாரம் போட்டதும் பேன்ட்டுக்கு மாறிவிடுவது நல்லது, மிட்ஜ் என்ற கடிக்கிற பொடிப்பூச்சி வெறுங்காலை விடாது.