மணிப்பூரின் ஷிருய் மலைக்குப் போனவர்கள் வாங்க: அந்தப் பெயரைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னார்கள்?

நடைவண்டி:
உக்ருல் நகரம், ஷிருய் லில்லிப் பூ சீசன், வழுக்கல் பாதை எல்லாம் உங்களுக்கே தெரியும். எங்கள் குழுவில் ஒருவர், "சிரோஹி உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். வழிகாட்டியாக வந்த தாங்குல் நாகா இனப் பெரியவர் நின்றுவிட்டார். குடையை மடக்கி, அதன் நுனியால் கீழே இருந்த ஊரைக் காட்டி "ஷிருய்" என்றார். அப்புறம் மேலே காட்டி "கஷோங்" என்றார். கஷோங் என்றால் சிகரமாம். நண்பர் இரண்டையும் திருப்பிச் சொல்லும்வரை கொட்டுகிற மழையில் குடையை விரிக்கவே இல்லை மனிதர்.

வேங்கை77:
கோபம் வராதா பின்னே? சிரோஹி ராஜஸ்தானில் இருக்கிற ஊர். 1946இல் அங்கே வந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் கிங்டன்-வார்டு சிர்ஹோய் என்று எழுதினார். தேசியப் பூங்காவையும் சிரோய், ஷிருய் என்று ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள். ஆனால் நான் உக்ருலில் ஜீப்காரரிடம் சிரோய் என்றுதான் சொன்னேன். முகம் சுளிக்காமல் ஏற்றிக்கொண்டார்.

பூங்கோதை:
வண்டிக்காரர் ஏற்றினால் பெயர் சரியாகிவிடுமா வேங்கை?
நான் தங்கிய வீட்டுப் பாட்டியிடம் லில்லிப் பூவின் படத்தைக் காட்டி, அதன் அறிவியல் பெயரை 'லிலியம் மாக்லினியே' என்று படித்தேன். மாக்லின் யார் என்றார். கிங்டன்-வார்டு மனைவியின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் என்றேன். பாட்டி சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்திவிட்டது. "இது கஷோங் திம்ராவோன்" என்றார். அவர்கள் கதைகளில் வரும் ஃபிலாவாவின் மகள் திம்ராவோன், அந்த மலையைக் காக்கிறவள். அவர்களுக்கு மலையும் பூவும் அவளுடையவை. வேறு எங்கே நட்டாலும் அது வளராது என்றும் சொன்னார்.

மலைமுகடு:
வேறெங்கும் வளராது என்பது சரியல்ல. ஸ்காட்லாந்துத் தோட்டங்களில் நன்றாகவே பூக்கிறது. நான் போனபோது உச்சியில் மேகம் மட்டும்தான் பார்த்தேன். போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள்: மணிப்பூருக்கு 2020 முதல் இன்னர் லைன் பெர்மிட் (வெளி மாநிலத்தவர் உள்ளே போக அனுமதிச் சீட்டு) வேண்டும். 2023 மே மாதம் தொடங்கிய கலவரத்துக்குப் பிறகு சாலை நிலவரம் கேட்காமல் இம்பாலிலிருந்து கிளம்பாதீர்கள். பூ மே, ஜூன் மாதங்களில்தான், அப்போதே மழையும் பிடித்துவிடும். பிடிமானம் உள்ள ஷூ, மாற்று சாக்ஸ் கட்டாயம். கிழங்கைத் தோண்டி எடுத்து வருகிற வேலை வேண்டவே வேண்டாம்.

பூங்கோதை:
சாக்ஸ் பற்றி யார் கேட்டார்கள் ஐயா? திம்ராவோன் கதையை முழுதாகக் கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். பாட்டி பாதியில் மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்.