மறு: வினாப்படிவத்தில் ‘சமரசம்’ வேண்டாம்

குழுவினருக்கு வணக்கம்.

திங்களன்று படிவம் அச்சுக்குப் போகிறது. நாகர்கோவிலில் சமூகப்பணி படிக்கும் பிள்ளைகளின் வகுப்புப் பயிற்சிக்கு அது வேண்டும். தவறு செய்த சிறுவனையும் இழப்புக்கு ஆளானவரையும் நேரில் பேசவைக்கும் திட்டங்களை மதிப்பிடுவதுதான் பாடம். நடுவே ஒருவர் அமர்ந்து நடத்தும் அந்தப் பேச்சுக்குப் படிவத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்பதே நம் கேள்வி.

‘சமரசம்’ போதும் என்கிறார் தக்கலை அக்கா. நீதிமன்றங்களில் ‘சமரச மையம்’ என்றுதானே இருக்கிறது என்கிறார். ஆனால் ‘போனது போகட்டும், வழக்கு வேண்டாம்’ என்று பெரியவர்கள் எழுதி வாங்குவதற்கும் நம் ஊரில் அதே பெயர்தான். ‘சமரசத்தில் உங்களுக்கு மனநிறைவா?’ என்று கேட்டால், சைக்கிளைப் பறிகொடுத்த குளச்சல்காரருக்கு ‘விட்டுக்கொடுத்தாயா?’ என்றுதான் காதில் விழும். 1974இல் கனடாவின் எல்மைராவில் 22 இடங்களைச் சேதப்படுத்திய இரண்டு இளைஞர்கள், உரியவர்களின் வீட்டுக்கே போய்ப் பேசி இழப்பை ஈடுகட்டினார்கள். அங்கே எவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

‘நடுவர்’ என்பதும் ஒத்துவராது. நடுவர் தீர்ப்புச் சொல்பவர். இங்கே அமர்பவருக்கு அந்த வேலையே இல்லை.

வடசேரிப் புலவர் ஐயாவின் ‘சந்துசெய்தல்’ எனக்கும் பிடித்த சொல். பாரதக் கதையில் கண்ணன் தூது போனதும் சந்து செய்யத்தான். அது தூய தமிழா, ‘சந்தி’யின் வழிவந்ததா என்று மூன்று நாளாக மடல்கள் பறக்கின்றன. எதுவாயினும், பதினைந்து வயதுப் பையனுக்குச் சந்து என்றால் தெருவின் இடுக்குதான், ஐயா.

படிவத்திலுள்ள ‘இளங்குற்றவாளி’யை நீக்கியே ஆகவேண்டும். பழிசுமத்தும் சொற்களைச் சிறார்மேல் ஆளக்கூடாது என்பதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தன் 3ஆம் பிரிவிலேயே கொள்கையாக வைத்திருக்கிறது. அதற்கு மாற்றான ‘சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்’ நீளம்தான், இருக்கட்டும். இழந்தவரின் வலியை இது மழுப்புகிறது என்ற குளச்சல் அண்ணாச்சியின் மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை.

இழப்பைச் சரிக்கட்டுவதற்கு ‘ஈடு’ என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். அமெரிக்காவில் நான்கு ஊர்களில் மார்க் அம்பிரைட் நடத்திய ஆய்வில், நேரில் பேசிய சிறாரில் 81 விழுக்காட்டினர் ஈட்டை முழுதாகக் கட்டினர். நேரில் பேசாமல் நீதிமன்ற ஆணை மட்டும் பெற்றவர்களில் 58. மீண்டும் குற்றத்தில் சிக்கியவர்கள், பேசியவர்களில் 18, பேசாதவர்களில் 27. இந்த இரண்டாவது இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றே புள்ளியியல் கணக்குச் சொன்னது. பேச வருபவர்கள் தாமாக விரும்பி வருபவர்கள் என்ற சிக்கலும் உண்டு. அழைப்பிலேயே ‘சமரசம்’ என்று எழுதினால், விட்டுக்கொடுக்கத் துணிந்தவர்கள் மட்டுமே வருவார்கள். பிறகு நாம் எதை அளக்கிறோம்?

ஆகவே ‘மத்தியஸ்தப் பேச்சு’ என்கிறேன். திருவிதாங்கூர்க் காலத்திலிருந்து மார்த்தாண்டம் சந்தைவரை புழங்கும் சொல். கிரந்த எழுத்து உறுத்தினால் ‘மத்தியத்தம்’ என்று எழுதலாம். இதுவரை ஐந்து பேர் உடன்பட்டிருக்கிறார்கள், சலிப்போடுதான். புலவர் ஐயா தம் மறுப்பைப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார். அடிக்குறிப்பில் ‘சந்துசெய்தல்’ இடம்பெறும். அண்ணாச்சி, இழந்தவரைக் குறிக்க ‘பாதிக்கப்பட்டவர்’ என்பதைவிட நல்ல சொல் இருந்தால் சனிக்குள் எழுதுங்கள்.