காரங்கஹாகே: தங்கம் எடுத்த மலைக்குள் நடந்தவர்கள் சொல்லுங்கள்

நியூசிலாந்தில் ஆக்லாந்திலிருந்து வைஹி என்ற சுரங்க ஊருக்குப் போகிற வழியில், பயேரோவா தாண்டியதும் வருகிறது காரங்கஹாகே பள்ளத்தாக்கு. பலரும் தொங்குபாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். தங்கத் தொழிலின் போக்கே மாறிய இடம் அது.

இந்த வட்டாரத்தைத் தங்கம் தேடுவோருக்குத் திறந்துவிட்டது 1875இல். ஆனால் இங்குள்ள தங்கம் கட்டியாகக் கிடைப்பதில்லை. வெள்ளியோடு கலந்து, குவார்ட்ஸ் பாறைக்குள் கண்ணுக்கே தெரியாத பொடியாக இருக்கிறது. பாறையை இடித்துப் பாதரசத் தகட்டில் ஓடவிட்டால் பாதிதான் ஒட்டும். மீதி ஆற்றோடு போய்விடும். கிளாஸ்கோவில் கண்டுபிடித்த சயனைடு முறையை 1889இல் இங்குள்ள கிரௌன் சுரங்கத்தில்தான் முதன்முதலாகக் களத்தில் சோதித்தார்கள். சயனைடு கரைசல் தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும், துத்தநாகச் சீவல் அதைத் திரும்பப் பிரித்துக் கொடுக்கும். கைக்கு வந்த தங்கம் 90 விழுக்காட்டை எட்டியது. அதன்பிறகு உலகமே இந்த வழிக்கு வந்தது.

நடையில் எனக்குப் பிடித்தது 'விண்டோஸ் வாக்'. டாலிஸ்மன் சுரங்கத்தின் பழைய குகைவழி அது. கழிவுக் கல்லை வெளியே தள்ளுவதற்காகப் பாறைச் சுவரில் குடைந்த ஓட்டைகள்தான் இன்று ஜன்னல்கள். எட்டிப் பார்த்தால் நேர் கீழே வைடாவெட்டா ஆறு. தள்ளுவண்டித் தண்டவாளம் இன்னும் காலில் இடறுகிறது.

இன்னும் மேலே வைகினோவில் விக்டோரியா ஆலை. 1897இல் கட்டியது, 200 இரும்பு உலக்கைகள். வைஹியிலிருந்து ரயிலில் வந்த பாறையெல்லாம் அங்கே மாவாகியிருக்கிறது. இப்போது மிஞ்சியிருப்பவை சயனைடு தொட்டிகளின் கான்கிரீட் அடித்தளங்களும் பாறையை வறுத்த சூளைகளும்தான்.

இவ்வளவு கழிவும் எங்கே போனது என்கிறீர்களா? ஓஹினெமுரி ஆற்றுக்குள்தான். 1895இல் அந்த ஆற்றையே சேற்றுக் கால்வாய் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது! மணல் படிந்து ஆற்றுமட்டம் உயர, கீழே பயேரோவா பக்கத்து விவசாயிகள் வெள்ளத்தில் அவதிப்பட்டார்கள். இயந்திரங்களை வியந்து முடித்தபிறகு அந்தத் தண்ணீரையும் கொஞ்ச நேரம் பாருங்கள். இன்று தெளிவாக ஓடுகிறது, அதனால்தான் நம்பவே முடியவில்லை.

ரயில் குகையில் நாயோடு வந்த ஒரு பெரியவர், சின்ன வயதில் இதே இருட்டில் ரயிலில் போனதைச் சொன்னார். ஜன்னலை மூட மறந்தால் முகமெல்லாம் கரியாம். அந்தப் பாதையை 1978இல் மூடிவிட்டார்கள், இப்போது சைக்கிள்தான்.

*

மறுமொழி:

அண்ணா, நான் கோலார் தங்கவயல்காரன். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து போய் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். நீங்கள் சொல்லும் சயனைடு கழிவு எங்கள் ஊரில் ஆற்றுக்குப் போகவில்லை, வீட்டுக்குப் பக்கத்திலேயே மேடுமேடாக நிற்கிறது. காற்றடித்தால் சோற்றில் மண். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள், மேடுகள் அப்படியே இருக்கின்றன. போன கோடையில் காரங்கஹாகே போயிருந்தேன். தொட்டிகளுக்கு நடுவே பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தார்கள். சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அங்கே தொழிலாளிகளின் கதை குறைவாகத்தான் கண்ணில் பட்டது எனக்கு. வைஹியில் 1912 வேலைநிறுத்தத்தில் ஃபிரெட் எவன்ஸ் என்ற தொழிலாளி அடிபட்டு இறந்திருக்கிறார். வைஹி வரை போகிறவர்கள் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

*

மறுமொழி:

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு: ஜன்னல் குகைக்குக் கண்டிப்பாக டார்ச் வேண்டும், கைப்பேசி வெளிச்சம் போதாது. படிக்கட்டு இருப்பதால் தள்ளுவண்டி சரிப்படாது. ரயில் குகை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், உள்ளே விளக்கு உண்டு, ஆனால் கோடையிலும் குளிரும், சொட்டும். சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள், இடப்பக்கமாகவே நடங்கள். விக்டோரியா ஆலை அருங்காட்சியகத்தைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், எல்லா நாளும் திறந்திருக்காது. நாள் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.